படிக்கிறவர்களுக்கே ஏன் இவ்வளவு பயம்?

கேள்வி: ஜூன் 3, மாலை 6.10

என் தங்கை நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். புதிதாக ஏதோ வைரஸ் என்று செய்தி வந்தால் வீட்டில் முதலில் முகம் வெளிறுவது அவளுக்குத்தான். ஒன்றும் படிக்காத நாங்கள் நன்றாகத் தூங்குகிறோம். மருத்துவம், நர்சிங், பார்மசி படிக்கிறவர்களுக்கு விஷயம் தெரியும், அதனால் பயம் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை, தெரிந்தால்தான் பயம் கூடுமா?

ஜூன் 3, இரவு 10.45

பாதி தெரிந்தால் கூடும். அனுபவத்தில் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு. நுண்ணுயிரியலில் நல்ல மதிப்பெண். கோவிட் வைரஸின் முள் நம் செல்லின் எந்த ஏற்பியில் போய் ஒட்டும் என்று படம் வரைந்து பாகம் குறிப்பேன். அந்தப் படத்தால் ஒரு ராத்திரிகூட நிம்மதியாகத் தூங்கியதில்லை. வாசனை தெரியாமல் போகும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து காலையில் கண் விழித்ததும் சோப்பை எடுத்து முகர்வேன். வாசனை வந்தால்தான் பல் தேய்க்கப் போவேன். சந்தேகமாக இருந்தால் அறைத்தோழியின் சோப்பையும் ஒருமுறை முகர்ந்து பார்ப்பேன். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். அவளும் ஒரு வாரமாக இதையேதான் செய்துகொண்டிருந்தாளாம், என் சோப்பை வைத்து.

வெளியில் இருப்பவருக்கு மூச்சுத் திணறல் என்பது செய்தியில் வரும் ஒரு சொல். வார்டில் நின்றவளுக்கு அது ஒரு முகம். நோய் எப்படிக் கொல்லும் என்பதை எங்களுக்கு வருஷக்கணக்கில் சொல்லிக் கொடுக்கிறார்கள். எத்தனை பேரை, யாரை, எவ்வளவு வாய்ப்பில் என்பது சமூக நலப் பாடத்தில் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உங்கள் தங்கையின் தலைக்குள் முதல் பாதி நிறைய இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூன் 4, காலை 7.20

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியது. 'பாதி தெரிந்தால்' என்றால் மீதிப் பாதியும் தெரிந்ததும் பயம் போய்விடும் என்று அர்த்தம் வருகிறது. அப்படி இல்லை. தொற்றுநோயியலில் ஊறிய மூத்தவர் ஒருவர் எங்களுக்கு வகுப்பெடுத்தார். எங்களைவிட அதிகமாகப் பயந்தவர் அவர்தான். ஆனால் சோப்பை முகரவில்லை. பயந்துகொண்டே சரியாக மாஸ்க் போட்டார், வயதான அம்மாவை வேறு அறைக்கு மாற்றினார், பிறகு வேலையைப் பார்த்தார். அந்தப் பயத்துக்கும் என் பயத்துக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

ஜூன் 4, மதியம் 1.05

'மருத்துவ மாணவர் நோய்' என்பது இதுதானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். படிக்கிற நோயெல்லாம் தனக்கே இருப்பதாகத் தோன்றுகிற அந்தப் பழைய வியாதி. கொஞ்சம் உறவு உண்டு. ஆனால் அது பாடம் மாறினால் தானே போய்விடும். நரம்பியல் படிக்கும்போது வந்த தலைக்கட்டி தோல் பாடம் வந்ததும் கரைந்துவிடும், மச்சத்தைப் பார்க்கத் தொடங்குவோம். பெருந்தொற்றில் பாடம் மாறுவதில்லை. கைபேசியைத் திறந்தாலும் அதே அத்தியாயம்தான்.

ஜூன் 5, இரவு 9.30

இந்த விஷயத்துக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வைத்த பெயர் 'சுகாதார எழுத்தறிவு'. சொல் கொஞ்சம் தகரம் போலத்தான் ஒலிக்கிறது, பொருள் நல்லது. நான்கு வேலைகள்: தகவலைத் தேடி எடுப்பது, புரிந்துகொள்வது, எடை போடுவது, அதை வைத்து ஒரு முடிவுக்கு வருவது. 2011இல் எட்டு ஐரோப்பிய நாடுகளில் மக்களிடம் கேட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது குறைவாக இருந்தது. பொதுமக்கள் கதை அது. நம் படிப்பில் இருப்பவர்களுக்கு முதல் இரண்டு வேலையும் தண்ணீர் பட்ட பாடு. மூன்றாவதில்தான் சறுக்குவோம்.

நாங்கள் சறுக்கிய கதை. 2020 மார்ச் 3 அன்று உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ், அறிவிக்கப்பட்ட கோவிட் நோயாளிகளில் உலக அளவில் சுமார் 3.4 சதவீதம் பேர் இறந்திருப்பதாகச் சொன்னார். எங்கள் வகுப்பில் 60 பேர். விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அறுபதில் 3.4 சதவீதம் என்றால் இரண்டு பேர். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த இரண்டு பேர் யார் என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். ஆஸ்துமா இருந்த பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கணக்கில் இரண்டு தப்பு. 'அறிவிக்கப்பட்ட' என்ற சொல்லை விழுங்கிவிட்டோம். சோதனைக்கே வராமல் லேசாக இருமிவிட்டுப் போனவர்கள் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. அடுத்தது வயது. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். இருபது வயதுக் கூட்டத்தின் மேல் அந்தச் சராசரியை அப்படியே தூக்கி வைத்தோம்.

ஜூன் 5, இரவு 11.50

மூன்று தப்பு. அறுபது பேருக்கும் நோய் வந்தே தீரும் என்று எடுத்துக்கொண்டதை விட்டுவிட்டேன். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. எடை போடுவதில் சறுக்குவோம் என்று எழுதிய அதே குறிப்பில் சறுக்கியிருக்கிறேன், அழிக்காமல் விட்டுவைக்கிறேன்.

ஜூன் 8, மாலை 5.15

'மாணவர்கள்தானே, டாக்டரானால் சரியாகிவிடும்' என்று ஒரு பதில் பார்த்தேன். 1978இல் ஹார்வர்டைச் சேர்ந்த மருத்துவமனைகளில் மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், மூத்தவர்கள் என்று 60 பேரிடம் ஒரு சின்னக் கணக்கைக் கேட்டார்கள். ஒரு நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது. சோதனையில், நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்கும் தப்பாகப் பாசிட்டிவ் வரும். அறிகுறி உட்பட வேறு எந்த விவரமும் நமக்குத் தெரியாத ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால் அவருக்கு உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

அதிகம் பேர் சொன்ன விடை 95 சதவீதம். சரியான விடை 2 சதவீதம். சரியாகச் சொன்னவர்கள் 60இல் 11 பேர்.

சதவீதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆட்களாக எண்ணினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். ஆயிரம் பேரை நிறுத்துங்கள். ஒருவருக்கு நோய், அவருக்குப் பாசிட்டிவ். மீதி 999 பேரில் ஏறக்குறைய 50 பேருக்கு வீண் பாசிட்டிவ். ஆக 51 பேர் கலங்கிய முகத்தோடு நிற்கிறார்கள், அவர்களில் ஒருவருக்குத்தான் நோய்.

இதில் உள்ள கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். வார்டில் காய்ச்சலும் இருமலுமாக வந்து நிற்பவர் அந்த ஆயிரத்தில் ஒருவர் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை. அவருக்குப் பாசிட்டிவ் வந்தால் 'பெரும்பாலும் வீண்' என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. என் மாணவிகளில் ஒருத்தி கணக்கைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் அதைத்தான் செய்தாள்.

(ஆமாம், இப்போது நான் மாணவிகளுக்குச் செய்முறைப் பயிற்சி கொடுக்கிறேன். முதல் குறிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். சோப்புக் கதையை அவர்கள் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.)

ஜூன் 9, காலை 8.00

படித்துவிட்டார்கள். என் மேஜையில் ஒரு சோப்பு இருக்கிறது.

ஜூன் 14, இரவு 8.40

எண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பயம் கையில்தான் இறங்குகிறது, கையிலிருந்துதான் கொஞ்சம் வெளியேயும் போகிறது. நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

கை கழுவும் பயிற்சி. புறஊதா விளக்கில் ஒளிர்கிற ஒரு களிம்பைக் கையெல்லாம் தடவச் சொல்லி, வழக்கம்போல் கழுவச் சொல்வோம். கழுவிய பிறகு கையைக் கறுப்புப் பெட்டிக்குள் நீட்ட வேண்டும். களிம்பு மிச்சம் இருக்கிற இடம் நீல வெள்ளையாக மின்னும். முதலில் வந்தவள் வகுப்பிலேயே அதிகமாகப் பயப்படுகிறவள். நாள் முழுக்கக் குழாயடியில் நிற்பவள். பெட்டிக்குள் கையை விட்டாள். உள்ளங்கை சுத்தமாகக் கறுப்பு. நகக்கண் பத்தும் பிறை பிறையாக மின்னியது. கட்டைவிரல்கள் இரண்டும் அடியிலிருந்து நுனிவரை ஒளிர்ந்தன. கட்டைவிரலை அவள் தொட்டதே இல்லை.

"இத்தனை நாளும் இப்படியா கழுவினேன்?" என்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். மறுபடி களிம்பு கேட்டாள். கட்டைவிரலை மறுகையால் பிடித்துச் சுழற்றி, விரல் நுனிகளை உள்ளங்கையில் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் முழுச் சுற்றுக்கு 40 முதல் 60 விநாடி. இரண்டாவது முறை பெட்டிக்குள் ஒரே ஒரு புள்ளி மோதிரத்தின் கீழே. மோதிரத்தைக் கழற்றினாள். மூன்றாவது முறை இருட்டு. அந்த இருட்டைப் பார்த்து அவள் விட்ட பெருமூச்சு எனக்கு எந்த விரிவுரைக்கும் கிடைத்ததில்லை.

அடுத்து கவுன் கழற்றும் பயிற்சி. முன்பக்கத்திலும் கிளவுஸிலும் களிம்பைப் பூசிவிட்டுக் கழற்றச் சொன்னோம். பயமே இல்லை என்று சொல்லித் திரிகிற பையன் ஒருவன், பத்து விநாடியில் உருவிப் போட்டான். விளக்கைக் காட்டினால் கழுத்திலும் காது மடலிலும் நட்சத்திரம். மாஸ்க்கை முன்பக்கமாகப் பிடித்து இழுத்திருக்கிறான்.

ஜூன் 15, காலை 6.55

'அப்போ கை கழுவத் தெரிந்தால் பயம் போய்விடும் என்கிறீர்கள்' என்ற கேள்விக்கு நேற்று இரவே ஆமாம் என்று பதில் போட்டிருப்பேன். நல்லவேளை தூங்கிவிட்டேன்.

முதலில், அப்படி ஒரு கொள்கை உண்டு. கிம் விட் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் 1992இல் எழுதியது. பயம் வந்ததும் மனசு அடுத்துக் கேட்பது, இதற்கு என்னால் ஏதாவது செய்ய முடியுமா? முடியும் என்று தோன்றினால் ஆபத்தைக் கவனிப்போம். முடியாது என்று தோன்றினால் பயத்தைக் கவனிக்கத் தொடங்குவோம்: செய்தியை மூடுவோம், 'எல்லாம் சும்மா' என்போம், இல்லாவிட்டால் சோப்பை முகர்வோம். இதை 2020இல் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். எங்களுக்குச் சொல்லப்பட்டது, "பயப்படுகிறவர்கள் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது."

ஆனால் அதே பெண், அந்தக் கட்டைவிரல் பெண், நேற்று சாயங்காலம் கையைக் காட்டினாள். விரல் மூட்டெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. சரியாகக் கழுவக் கற்றுக்கொண்டதும் இன்னும் அதிகமாகக் கழுவியிருக்கிறாள். வெடித்த தோலில் கிருமி தங்குவது சுலபம், கழுவிப் போக்குவது கஷ்டம். எப்படி என்பதை நன்றாகச் சொல்லிக் கொடுத்தேன், எப்போது என்பதை அவசரமாகக் கடந்துவிட்டேன். நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செய்முறைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். ஐந்து தருணம் என்று சுவரில் ஒட்டியிருக்கும் அந்தப் படத்தை எல்லோரும் 'இப்போதெல்லாம் கழுவு' என்று படிக்கிறோம். 'மற்ற நேரம் கையை விடு' என்றும் அதைப் படிக்கலாம். அப்படித்தான் அவளுக்குச் சொன்னேன். கூடவே ஒரு மாய்ஸ்சரைசர்.

ஜூன் 21, இரவு 10.10

பயத்தை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டவருக்கு. 2020இல் வந்த கோவிட் பய அளவுகோலில் ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து மதிப்பெண், ஆக 7இலிருந்து 35 வரை. நினைத்தால் கை வியர்க்கிறதா, தூக்கம் வரவில்லையா, நெஞ்சு படபடக்கிறதா, செய்தி பார்த்தால் பதற்றமாகிறதா, உயிர் போய்விடுமோ என்று பயமா என்றெல்லாம் போகும். நல்ல கருவி, சின்னது, பல மொழிகளில் பயன்பட்டது. தேர்வுக்கு முந்தின நாள் கொடுத்தால் முதல் மூன்றுக்கும் என் வகுப்பு முழு மதிப்பெண் வாங்கும், வைரஸே தேவையில்லை.

எனக்கு ஒரு குறை. ஏழிலும் 'வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவேனோ' என்ற கேள்வி இல்லை. எங்களைத் தின்றது அதுதான். என்னைப் பற்றிய பயம் ஏப்ரலிலேயே சலித்துவிட்டது. வார்டு முடிந்து வீட்டுக்கு வந்தால் அப்பா கதவைத் திறப்பார். நான் இரண்டு எட்டு பின்னால் நகர்வேன். அவர் கதவை இன்னும் அகலமாகத் திறப்பார். அந்த இரண்டு எட்டுக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எந்த எண்ணைப் போடுவது?

ஜூலை 2, இரவு 9.20

முதலில் கேட்டவருக்கு நேரடியான பதில் இவ்வளவு தாமதமாக வருகிறது. வியட்நாமில் 2020இல் மருத்துவ மாணவர்களிடம் இதே அளவுகோலையும் சுகாதார எழுத்தறிவுக் கேள்விகளையும் சேர்த்துக் கேட்டார்கள். எழுத்தறிவு கூடியவர்களுக்குப் பயம் குறைவாக இருந்தது. ஆக, 'தெரிந்தால் கூடுமா' என்றால் இல்லை, குறைவாகத்தான் இருக்கிறது. என் முதல் குறிப்பு தோற்றது.

ஜூலை 2, இரவு 10.35

முழுசாகத் தோற்கவில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் கேட்டால் எது எதற்குக் காரணம் என்று பிரிக்க முடியாது. தெரிந்ததால் பயம் குறைந்ததா, பயம் குறைந்தவரால்தான் நிதானமாகத் தேடிப் படிக்க முடிந்ததா? படபடப்போடு இரவு இரண்டு மணிக்கு வாட்ஸ்அப் ஃபார்வர்டு படித்தவளுக்குத் தெரியும், அந்த நேரத்தில் மூளைக்கு எழுத்தே தெரியாது.

இன்னொன்று. அந்த எழுத்தறிவுக் கேள்விகள் 'இந்த வேலை உங்களுக்கு எவ்வளவு எளிது?' என்று கேட்கிற வகை. மிக எளிது, எளிது, கடினம், மிகக் கடினம். காது மடலில் நட்சத்திரம் வைத்திருந்த பையன் எதை டிக் செய்வான்? எல்லாமே மிக எளிது. பயத்தில் ஏழு வாங்குவான், எழுத்தறிவில் முதல் வகுப்பு. அட்டவணையில் அவனைப் பார்த்தால் நம் படிப்பின் பெருமை என்று தோன்றும். சோதனையாகவே ஒரு தாள் வைத்து, 'இந்தச் செய்தியில் எந்த எண் விடுபட்டிருக்கிறது?' என்று கேட்டால் வேறு வரிசை வரலாம் என்பது என் சந்தேகம்.

ஜூலை 3, காலை 7.45

கொஞ்சம் தடம் மாறுகிறேன். மாணவர்களை வார்டுக்கு அனுப்புவதா என்ற சண்டை புதிதில்லை. 1918இல் ஃபிலடெல்ஃபியாவில் ஆள் போதாமல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களை இறக்கினார்கள். அப்போது மூன்றாம் ஆண்டு மாணவரான ஐசக் ஸ்டார் பல பத்தாண்டு கழித்து அதை எழுதி வைத்தார். இன்ஃப்ளூயன்சா பற்றி ஒரு விரிவுரை கேட்டுவிட்டு அவசர மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். மருத்துவ மாணவர்கள் நர்ஸ் வேலை பார்த்தார்கள் (இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், மறைக்கவில்லை).

2020 மார்ச்சில் ஒரே மாதத்தில் இரண்டும் நடந்தது. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 17ஆம் தேதி மாணவர்களை நோயாளிகளிடமிருந்து விலக்கி வைக்கச் சொன்னது. இத்தாலியில் தகுதித் தேர்வை ரத்து செய்து சுமார் 10,000 புது மருத்துவர்களை உள்ளே விட்டார்கள். வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குப் பயம் குறைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். எங்களையும் சில வாரம் நிறுத்தினார்கள். சோப்பு முகர்ந்த காலம் அதுதான். வார்டுக்குத் திரும்பிய பிறகு முகர நேரமில்லை.

ஜூலை 3, மாலை 6.30

'நேரமில்லை' என்பது வீரம் மாதிரி ஒலிக்கிறது, திருத்துகிறேன். வார்டில் பயம் இருக்கத்தான் வேண்டும். 2003இல் வந்த சார்ஸில் (கோவிட் வைரஸுக்கு உறவான ஒரு வைரஸ் தந்த நுரையீரல் நோய்) உலகம் முழுக்க 8,096 நோயாளிகள், 774 மரணம். நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர். வியட்நாமின் ஹனோயில் அதை முதலில் அடையாளம் கண்டு எச்சரித்த உலக சுகாதார நிறுவன மருத்துவர் கார்லோ அர்பானியே அந்த மார்ச் 29 அன்று அதில் இறந்தார். 'உனக்கு எதுவும் ஆகாது' என்று மாணவியிடம் சொல்கிறவர் இந்த எண்ணை முதலில் படிக்கட்டும்.

சார்ஸ் பத்தில் ஒருவரைக் கொன்றும் அடங்கியதற்கும், கோவிட் அதைவிடக் குறைந்த விகிதத்தில் கொன்றும் உலகத்தைப் புரட்டியதற்கும் காரணம் கேட்டிருந்தீர்கள். சார்ஸ் நோயாளி படுத்த பிறகுதான் அதிகம் பரப்பினார், தேடித் தனிமைப்படுத்த முடிந்தது. கோவிட் இருமல் வருமுன்பே பரவியது. இன்னும் நீட்டினால் வகுப்பாகிவிடும்.

ஜூலை 19, இரவு 11.15

கட்டைவிரல் பெண் இன்று பத்து மணிக்கு ஒரு ஃபார்வர்டு அனுப்பினாள். பறவைக் காய்ச்சல், வந்தால் பாதிப்பேர் சாவு, சிவப்பு எழுத்து. கீழே அவளே எழுதியிருந்தாள்: "இந்தப் பாதி எதில் பாதி? லேசாக வந்து போனவர்கள் இதில் இருக்கிறார்களா?"

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 2003 முதல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்ட எச்5என்1 பறவைக் காய்ச்சல் மனித நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தது உண்மை, அந்த எண்ணிக்கையே உலகம் முழுக்கச் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம்தான், மனிதருக்கு மனிதர் தொடர்ந்து பரவுகிற நிலை வரவில்லை என்று பதில் போட்டேன். உடனே அடுத்தது வந்தது: "பரவ ஆரம்பித்தால் எங்களை வார்டுக்கு அனுப்புவீர்களா?"

அனுப்பச் சொன்னால், மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்காமல் அனுப்ப விடமாட்டேன் என்றேன். "எனக்கு இன்னும் பார்க்கவே இல்லையே" என்றாள். உண்மைதான். தள்ளிக்கொண்டே போயிருந்தோம்.

ஜூலை 22, மாலை 5.40

பார்த்தாயிற்று. தலைக்கு மேல் ஒளி ஊடுருவும் கூடாரம் போல ஒன்றை மாட்டி, உள்ளே கசப்புத் திரவத்தைப் பீய்ச்ச வேண்டும். முதலில் மாஸ்க் இல்லாமல், கசப்பு நாக்குக்குத் தெரிகிறதா என்று. முகம் சுளித்தாள், தெரிகிறது. அப்புறம் என்95 போட்டுக்கொண்டு மூச்சை இழுத்து விட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பி, மேலும் கீழும் ஆட்டி, சத்தமாக ஒரு பத்தியைப் படிக்க வேண்டும். தலையைத் திருப்பும்போதே கையைத் தூக்கிவிட்டாள். கசக்கிறது. தாடையோரம் இடைவெளி. அந்த மாஸ்க்கைத்தான் இரண்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டுச் சின்ன அளவில் மறுபடி. பத்தியை முழுக்கப் படித்து முடித்தாள். கசக்கவில்லை. இன்னொரு முறை பீய்ச்சச் சொன்னாள், அப்போதும் இல்லை.

கூடாரத்தைக் கழற்றியதும் அவள் கேட்டது, சின்ன அளவு ஸ்டோரில் எத்தனை பெட்டி இருக்கிறது என்று. போய்ப் பார்த்தோம். ஒன்று, அதுவும் பிரித்தது. கோரிக்கைத் தாளை அவளையே எழுத வைத்தேன்.